ஜெர்மன் கார் வாங்கியாச்சு. சர்வீஸுக்கு எங்கே விடுவது?

வாங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா உன்னால்?" சிரித்துவிட்டு வாங்கினேன். பத்து வயதான ஜெர்மன் செடான். புதிய சின்னக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது. முதல் ஒன்றரை வருடத்தில் அதற்குச் செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் தேய்மானத்துக்குப் போகவில்லை. தவறான இடத்தில் தவறான வேலையைச் செய்துகொண்டு, பிறகு அதைச் சரிசெய்யப் போனது.

ஒரு உதாரணம். பேட்டரி இறங்கியது. பக்கத்து ஷெட்டில் பத்து நிமிடத்தில் புதியது மாட்டிக் கொடுத்தார்கள். பதினான்கு மாதத்தில் அதுவும் செத்தது. இரண்டாவது ஷெட்டில், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். கோளாறு அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் போன ஸ்பெஷலிஸ்ட் லேப்டாப்பைச் செருகி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சார், பேட்டரி மாத்தினதை வண்டிகிட்ட சொன்னீங்களா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. இந்த வண்டிகளில் பேட்டரியின் வயதையும் கொள்ளளவையும் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. புதியது மாட்டியதைப் பதிவு செய்யாவிட்டால், அது இன்னும் கிழட்டு பேட்டரிதான் என்று நினைத்து அதற்கேற்பவே சார்ஜ் ஏற்றும். ஜெர்மன் காரில் கைவேலை பாதிதான். எந்த எண் உள்ள பொருளைப் போடுகிறோம், போட்டதை வண்டிக்குச் சொன்னோமா என்பவை மீதிப் பாதி. கீழே உள்ளதெல்லாம் அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான்.

1. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் கோடும் (எந்த வகை இன்ஜின் என்று சொல்லும் குறி) கையில் இருக்கட்டும்

மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடலில் இரண்டு அளவு பிரேக் டிஸ்க், மூன்று வகை இன்ஜின் இருப்பது இவற்றில் சாதாரணம். வருடத்தின் நடுவில்கூடப் பாகத்தை மாற்றிவிடுவார்கள். நிச்சயமானது 17 இலக்க சேஸிஸ் நம்பர் ஒன்றுதான். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும், பதிவுச் சான்றிதழிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதிக்கொள்ளும்போது ஒரு குறிப்பு: இதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

பிஎம்டபிள்யூவுக்குப் பாகம் தேட இந்த எண்ணின் கடைசி ஏழு இலக்கமே போதும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் டிக்கியின் அடியில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் பக்கம், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சர்வீஸ் புத்தகத்திலும் அதன் நகல் இருக்கும். அதில் வரிசையாக உள்ள மூன்று இலக்கக் குறிகள் உங்கள் வண்டியில் எந்த பிரேக், எந்த சஸ்பென்ஷன், எந்த கியர்பாக்ஸ் என்று சொல்லும். இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். டிக்கிக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அது உரிந்துவிடும். மெர்சிடீஸுக்கு, உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடும் "டேட்டா கார்டு" என்ற ஒன்று உண்டு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் கேளுங்கள்.

இதோடு ஒரு ஃபைலில் சேர வேண்டியவை: பழைய சர்வீஸ் பில்கள், வாரன்டி புத்தகம், இரண்டாவது சாவி இருக்கிறதா என்ற குறிப்பு, வீல் லாக் போல்ட்டைக் கழற்றும் அடாப்டர். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விரல் நீளம்கூட இல்லாத அந்த இரும்புத் துண்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. என் வண்டி பிரேக் வேலைக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்றது இதனால்தான்.

அதே நாளில் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (குறையுள்ள பாகத்தைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். டகாடா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலில் பிஎம்டபிள்யூ, மெர்சிடீஸ், ஆடி, ஃபோக்ஸ்வாகன் நான்கும் சிக்கின. ரீகால் வேலைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்றும் கேட்க மாட்டார்கள்.

2. கம்பெனி சென்டரா, ஸ்பெஷலிஸ்டா, பக்கத்து ஷெட்டா?

வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 461/2010 ஒழுங்குமுறையை ஒட்டிய விதிகளும், அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் சட்டமும், வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க விடுவதில்லை. மற்ற இடங்களில் வாரன்டி புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், கிளெய்ம் வரும்போது சரியான ஆயில்தான் போட்டோம் என்று காட்டும் பில் கையில் இருக்க வேண்டும்.

வாரன்டி முடிந்து ஓரிரு வருடம் வரை கம்பெனியை அடியோடு விட்டுவிடாமல் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. பெரிய பாகம் ஏதாவது முன்கூட்டியே பழுதானால், வண்டியின் முழு வரலாறும் அவர்களிடம் இருக்கும்பட்சத்தில் செலவில் ஒரு பங்கைத் தயாரிப்பாளரே ஏற்பது நடக்கிறது. "குட்வில்" என்பார்கள். உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஸ்பெஷலிஸ்ட். கம்பெனி சென்டரில் பழுதான பாகம் இருக்கும் மொத்த அசெம்பிளியையே மாற்றச் சொல்வார்கள். நல்ல ஸ்பெஷலிஸ்ட் அதற்குள் இருக்கும் சீலை மட்டும் மாற்றுவார். பணம் மிச்சமாவது முக்கியமாக இங்கேதான்.

பக்கத்து ஷெட் வேண்டவே வேண்டாமா? டயர், பஞ்சர், வைப்பர், பல்பு இதற்கெல்லாம் தாராளமாகப் போகலாம். அங்கேயும் இரண்டை மட்டும் சொல்லிவிடுங்கள்: ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும், சக்கர போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துத்தான் முறுக்க வேண்டும். பல ஃபோக்ஸ்வாகன், ஆடி மாடல்களுக்கு 120 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்குக் கையேட்டில் இருக்கும்.

3. ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டியவரைச் சோதியுங்கள்

போர்டில் நான்கு வளையம், நட்சத்திரம், நீல வெள்ளை வட்டம் எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தால் மட்டும் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட முடியாது. முதலில் போனில் பேசுங்கள். நான் இப்போது யாரிடமும் கேட்பது இவைதான்.

"எந்த சாஃப்ட்வேரில் ஸ்கேன் பண்ணுவீங்க?" பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடீஸுக்கு எக்ஸென்ட்ரி, ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு ஓடிஸ், போர்ஷவுக்கு பிவிஸ். இவை தயாரிப்பாளரின் சொந்த சாஃப்ட்வேர்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ் என்று சொன்னாலும் திருப்திப்படலாம். "எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்கேனர்தான் சார்" என்றால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம். எல்லா வண்டியிலும் செருகும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்ட இன்ஜின் எரர்களை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று தனித்தனியே இருக்கும் கம்ப்யூட்டர்கள் என்ன சொல்கின்றன என்பது அதற்குத் தெரியாது.

"என் வண்டிக்கு என்ன ஆயில் ஊத்துவீங்க?" இதற்குச் சரியான பதில் ஒரு எதிர்க்கேள்வி. "சேஸிஸ் நம்பர் சொல்லுங்க" என்றோ "பெட்ரோலா டீசலா, எந்த இன்ஜின்?" என்றோ கேட்டால் அவர் ஆள். "முழு சிந்தெடிக் சார், எல்லா ஜெர்மன் வண்டிக்கும் அதுதான்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

"பேட்டரி மாத்தினா பதிவு பண்ணித் தருவீங்களா?" இது என் சொந்தக் காயத்திலிருந்து வந்த கேள்வி. கூடவே "பின்பக்க பிரேக் பேட் மாத்தும்போது பார்க்கிங் பிரேக்கை எப்படித் திறப்பீங்க?" என்றும் கேட்கலாம். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் மோடில் போட்ட பிறகுதான் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் போகும்.

"அதிகமா எந்த வண்டி வருது உங்ககிட்ட?" மெர்சிடீஸில் கைதேர்ந்தவருக்கு ஆடி கைவந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. டைமிங் செயின் மாற்றும்போது கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பூட்டிவைக்கும் கருவியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு.

பிறகு நேரில் போங்கள். போர்டைவிட, உள்ளே என்ன நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் மாடலில் இரண்டு மூன்று நின்றால் நல்லது. மாதக்கணக்கில் தூசி படிந்து, பாதி பிரித்த நிலையில் நிற்கும் வண்டிகள் நிறைய இருந்தால் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கழற்றிய போல்ட்டுகளை எங்கே வைக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். தட்டில் வரிசையாக இருக்கிறதா, தரையில் சிதறியிருக்கிறதா? பிஎம்டபிள்யூவின் என்52 போன்ற மெக்னீசியம் பிளாக் உள்ள இன்ஜினில் அலுமினிய போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. புதியதுதான் போட வேண்டும். பழையதையே முறுக்குகிறவர் கையில் அது உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.

முதல் தடவையே பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு ஆயில் சர்வீஸும் முழு ஸ்கேனும் போதும். ஆளைத் தெரிந்துகொள்ள ஆகும் குறைந்தபட்சச் செலவு அது.

4. ஆயில்: டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள்

முன்பக்கத்தில் பெரிதாக 5டபிள்யூ-30 என்று இருக்கும். அது பாகுநிலை மட்டும்தான். நமக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அங்கீகார எண். பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04, லாங்லைஃப்-17 எஃப்இ+ என்று போகும். மெர்சிடீஸுக்கு எம்பி 229.5, 229.51, 229.52. ஃபோக்ஸ்வாகன், ஆடிக்கு 502 00, 504 00, 507 00, 508 00. போர்ஷவுக்கு ஏ40, சி30. கையேட்டில் உங்கள் இன்ஜினுக்கு எது என்று எழுதியிருக்கிறதோ அதே எண் டப்பாவில் இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது வார்த்தை விளையாட்டு. "அங்கீகாரம் பெற்றது" என்பது வேறு, "இந்த எண்ணின் தேவைகளுக்கு ஏற்றது" என்பது வேறு. முதலாவதில் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் ஆயில் கம்பெனி தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது. வித்தியாசத்தை வேண்டுமென்றே மங்கலாக எழுதுவார்கள்.

இரண்டாவது பொறி, புதியது என்றால் நல்லது என்ற நினைப்பு. ஃபோக்ஸ்வாகனின் 508 00 புதிய தரம்தான், 0டபிள்யூ-20, மெல்லியது. அதற்கென்று வடிவமைக்காத பழைய இன்ஜினில் ஊற்றக் கூடாது. கலந்துவிடாமல் இருக்கவே அதற்குப் பச்சைச் சாயம் போடுகிறார்கள். அதேபோல், புகைபோக்கியில் டிபிஎஃப் வடிகட்டி உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவான ஆயில் கட்டாயம்: 507 00, 229.51, லாங்லைஃப்-04 போன்றவை. பெட்ரோலுக்கு வாங்கி மீந்ததை இதில் ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியின் விலை எத்தனை ஆயில் சர்வீஸுக்குச் சமம் என்று கேட்டுப் பாருங்கள், பிறகு டப்பாவைத் திருப்பிப் படிக்காமல் இருக்க மாட்டீர்கள்.

வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்க்க முடிந்தால் மூன்றைக் கவனியுங்கள். வடிகால் போல்ட்டின் வாஷர் புதியதா? ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் மாறியதா? மூடியை அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்குத்தான் முறுக்குகிறார்களா? பல இன்ஜின்களில் அது 25 நியூட்டன் மீட்டர்தான். பிளாஸ்டிக் மூடியைப் பலம் காட்டி முறுக்கினால் விரியும்.

பல பிஎம்டபிள்யூ மாடல்களில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது. இன்ஜின் சூடான பிறகு திரையில்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததால் மறந்துபோகிறோம். மாதம் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூலன்ட்டுக்கும் இதே நியாயம். நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். நிறத்துக்கு எந்தத் தரக்கட்டுப்பாடும் இல்லை. ஃபோக்ஸ்வாகனில் ஜி12 ப்ளஸ் ப்ளஸ், ஜி13, ஜி12 இவோ என்று குறி பார்த்து வாங்குங்கள். கான்சன்ட்ரேட் வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

5. "லைஃப்டைம்" ஆயில் என்று ஒன்று இல்லை

கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டுமா என்று கம்பெனியில் கேட்டால் "அது வண்டியின் ஆயுள் முழுக்க வரும்" என்று சொல்லும் மாடல்கள் உண்டு. யாருடைய கணக்குப்படி ஆயுள் என்பதுதான் கேள்வி. பிஎம்டபிள்யூ, ஆடி உட்படப் பலரும் பயன்படுத்தும் 8எச்பி ஆட்டோமேட்டிக்கைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. கார் விற்கிறவர் சொல்வதைவிட கியர்பாக்ஸ் செய்தவர் சொல்வதைத்தான் நான் கேட்பேன்.

இந்த வேலைக்குச் செலவு கூடுதல்தான். 8எச்பியில் ஃபில்டர், அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது. தட்டையே மாற்ற வேண்டும். ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் கியர்பாக்ஸ் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்போதுதான் அளவு சரிபார்க்க வேண்டும். "எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு ஊத்திட்டோம்" என்று சொல்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கசிந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பு.

டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதில் ஆறு கியர் உள்ள டிக்யூ250, கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஈர கிளட்ச் வகை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். சிறிய கார்களில் வரும் ஏழு கியர் டிக்யூ200 உலர் கிளட்ச். அதற்கு இந்தக் கெடு இல்லை. "டிஎஸ்ஜி ஆயில் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் எந்த டிஎஸ்ஜி என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வண்டியாக இருந்து, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது.

6. பார்ட்ஸ்: பெட்டியில் சின்னம் இருக்க வேண்டியதில்லை

கார் கம்பெனி தன் பெட்டியில் விற்கும் பாகத்தில் பெரும்பகுதியை அது செய்வதில்லை. ஃபில்டர் என்றால் மான், மாலே, ஹெங்ஸ்ட். சஸ்பென்ஷன் கைகளுக்கு லெம்ஃபெர்டர், ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ், பில்ஸ்டைன். பிரேக்குக்கு ஏடிஇ, டெக்ஸ்டார், பாகிட். கேஸ்கட்டுக்கு எல்ரிங், விக்டர் ரைன்ஸ். இவர்கள் அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியில் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். லெம்ஃபெர்டர் பெட்டியைத் திறந்தால் கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடத்தை ராவி எடுத்திருப்பது சில பாகங்களில் கண்ணுக்கே தெரியும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயந்து நான் ஒருமுறை திருப்பி அனுப்பினேன். உள்ளே இருந்தது ஒரிஜினல்தான்!

எதைக் கம்பெனி பெட்டியில் வாங்க வேண்டும்? என் கணக்கு இது: சென்சார், எலக்ட்ரானிக் மாட்யூல், கூலன்ட் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகள் ஆகியவற்றுக்குக் கம்பெனிப் பெட்டி. ஃபில்டர், பிரேக், சஸ்பென்ஷனுக்கு மேலே சொன்ன பெயர்கள். பெயர் தெரியாத பெட்டி எதற்கும் வேண்டாம். மான், போஷ் பெட்டிகளிலும் போலி உண்டு என்பதால், விலை நம்ப முடியாத அளவு குறைந்திருந்தால் நம்பாதீர்கள்.

பாகத்தின் எண்ணை முழுதாகப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஆடி எண்களில் கடைசியில் வரும் எழுத்து திருத்தத்தைக் குறிக்கும். முந்தைய வடிவில் கோளாறு இருந்து திருத்தியிருப்பார்கள். கடையில் தேங்கிப்போன பழைய எழுத்தை மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

7. உங்கள் இன்ஜினின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு இன்ஜினுக்கும் பேர்போன நோய் ஒன்றிரண்டு உண்டு. முன்னமே தெரிந்தால் பணத்தை ஒதுக்கி வைக்கலாம், சத்தத்தைக் காது பிடிக்கும்.

பிஎம்டபிள்யூவின் என்47 டீசலுக்கு டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. தேய்ந்தால் பின்னாலிருந்து உரசும் சத்தம் வரும். செயின் விலை பெரிதில்லை. அதை எட்டுவதற்குள் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். என்52, என்54, என்55 பெட்ரோல் இன்ஜின்களில் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். வெப்ப எச்சரிக்கை வந்தால் "வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். அதே இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் கசிந்து பெல்ட்டின் மேல் ஆயில் சொட்டும். கையகல ரப்பர்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போலிருக்கும். ஆனால் தள்ளிப்போட்டால் பெல்ட் நழுவி, கிராங்க் சீலுக்குள் சிக்கி, இன்ஜினையே பிரிக்க வைக்கும்.

ஃபோக்ஸ்வாகன், ஆடியின் இஏ888 பெட்ரோலில் 2012-க்கு முந்தையவற்றில் டைமிங் செயின் டென்ஷனரைப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கலகலவென்று சத்தம் வந்தால் நாள் தள்ள வேண்டாம். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பிளாஸ்டிக் கூட்டில் கசிவதும் இதில் வழக்கம். மெர்சிடீஸின் தொடக்ககால எம்272 வி6-இல் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) பல்சக்கரம் தேயும். போர்ஷவில் 1997 முதல் 2008 வரையான எம்96, எம்97 இன்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் (உள்ளே உள்ள இடைத்தண்டைத் தாங்குவது) கெடும். இவற்றை வாங்குவதற்கு முன்பே ஸ்பெஷலிஸ்டைக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் உள்ளிழு வால்வில் கரி படியும். ஆயில் சரியாக மாற்றினாலும் படியும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோலில் கலக்கும் மருந்துகள் அந்த வால்வைத் தொடுவதே இல்லை, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

8. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள்

இந்த வண்டிகளில் செலவு மூன்று வரிகளில் வரும்: பாகம், லேபர் மணிநேரம், ஸ்கேன் அல்லது கோடிங் (புதிய பாகத்தை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது). ஒரே தொகையாக எழுதினால் பிரித்துக் கேளுங்கள். லேபரை உண்மையில் ஆன நேரத்துக்குக் கணக்கிடுவதில்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி என்ற அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். அதனால் ஒரே இடத்தைப் பிரித்துச் செய்யும் இரண்டு வேலைக்கு இரண்டு முறை லேபர் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் பில்லில் ஒருமுறை இன்டேக் மேனிஃபோல்டு இரண்டு தடவை கழன்றிருந்தது.

எதை எதோடு சேர்க்கலாம்? டைமிங் பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப்போடு தெர்மோஸ்டாட். கியர்பாக்ஸ் இறங்கினால் பின்பக்க கிராங்க் சீல். இன்டேக் மேனிஃபோல்டு கழன்றால் கரி சுத்தம். பிரேக் பேடோடு தேய்மான சென்சார் வயர். பாகத்தின் விலைதான் கூடுதல்; கூலி ஒன்றே.

ஸ்கேன் கட்டணம் தனியாகக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கோளாறைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கொடுக்கும் காசு, நான் மாற்றிய அந்த ஆல்டர்னேட்டரைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்சிட்டோ போட்டோவாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். எரர் கோட் சுட்டிக்காட்டும் பாகத்தையே மாற்றினால் சரியாகும் என்று நினைக்கிறவர்களிடம்தான் அதிகப் பணம் போகிறது. "கலவையில் காற்று அதிகம்" என்று கோட் வந்தால் ஆக்சிஜன் சென்சார் கெட்டதாக அர்த்தமில்லை. எங்கோ குழாய் விரிந்திருக்கலாம். கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

"கூடுதல் வேலை வந்தால் கேட்காமல் செய்யக் கூடாது, பழைய பாகம் எனக்குத் திருப்பி வேண்டும்" என்று எஸ்டிமேட்டின் கீழேயே எழுதிவிடுங்கள்.

9. எப்போது எது

டேஷ்போர்டு சொல்லும்வரை காத்திருப்பது நான் செய்யாத ஒன்று. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் லாங்லைஃப் முறையில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை ஆயிலை ஓட்ட விடுவார்கள். நிலையான முறையில் 15,000 அல்லது 1 ஆண்டு. நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு இரண்டாவதுதான், எந்த பிராண்டாக இருந்தாலும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில். பிரேக் ஆயில் 2 ஆண்டுக்கு ஒருமுறை. அது ஈரத்தை உறிஞ்சும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். டீசலை தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விடுங்கள்.

செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால் முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை மாற்றிவிட்டு, அந்த நாளிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள்.

பாகம் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் ஆகும். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆர்டர் செய்வதற்குப் பதிலாக, பாகம் கையில் வந்த பிறகு நாள் குறியுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்கு மொத்தத்தில் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சப்படுத்தியிருக்கிறது.

10. வண்டியை எடுக்கும் நாள்

மாலை அவசரத்தில் போகாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போது போங்கள். பில்லில் தேதி, கிலோமீட்டர், சேஸிஸ் நம்பர், ஊற்றிய ஆயிலின் அங்கீகார எண், ஒவ்வொரு பாகத்தின் எண் எல்லாம் இருக்க வேண்டும். "இன்ஜின் ஆயில் 1" என்று எழுதிய பில் நாளை எதற்கும் உதவாது.

புதிய மாடல்களில் முத்திரை குத்தும் சர்வீஸ் புத்தகமே இல்லை. பதிவு தயாரிப்பாளரின் சர்வரில் ஏறும். உங்கள் ஸ்பெஷலிஸ்டுக்கு அதில் பதிவேற்றும் அனுமதி இருக்கிறதா என்று வேலைக்கு விடும்போதே கேளுங்கள். இல்லையென்றால் பில்தான் உங்கள் சர்வீஸ் புத்தகம். ஒரு நகலை ஸ்கேன் செய்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில்களின் எழுத்து ஒரு வருடத்தில் மறைந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் சர்வீஸ் விளக்கு ரீசெட் ஆகியிருக்கிறதா, அதுவும் செய்த வேலைக்கு மட்டும் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூவில் ஆயில், பிரேக் ஆயில், முன் பேட், பின் பேட் என்று தனித்தனிக் கணக்கு உண்டு. செய்யாத வேலையையும் சேர்த்து ரீசெட் செய்துவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு வண்டி உங்களுக்கு நினைவூட்டாது. பேட்டரி மாற்றியிருந்தால் பதிவு செய்த திரையைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் காலை, வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையை விரித்துப் பாருங்கள், சொட்டு இருக்கிறதா என்று. ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஆயில் அளவையும், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் பாருங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீல் லாக் போல்ட்டின் அந்த அடாப்டரை அவர்கள் டூல் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.